மூணா, மூணரையா? வாத்து வேட்டையில் தோட்டா நீளம்

இன்னிக்கு எபிசோட்ல வேட்டை வருது, ஒரு பறவை அடிபடுறதும் வருது. கேக்க கஷ்டமா இருக்கும்னு தோணினா இப்பவே ஸ்கிப் பண்ணிக்கோங்க, கோச்சுக்க மாட்டேன். இன்னொண்ணு. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடறது குற்றம். நான் சொல்லப்போறது அமெரிக்காவுல, லைசென்ஸ் வாங்கி, சீசன் பாத்து சுடற வேட்டையைப் பத்தி.

நான் மெம்ஃபிஸ்ல வேலை பாத்தப்ப ஆபீஸ்ல அறுபது வயசுக்காரர் ஒருத்தர் இருந்தார். டிசம்பர் வந்தா அவர் மனசு ஆபீஸ்ல இருக்காது. ரெண்டு மணி நேரம் கார் ஓட்டினா ஆர்கன்சால ஸ்டட்கார்ட்னு ஒரு ஊர். சுத்தி எங்க பாத்தாலும் நெல் வயல். ஆமா, நெல்தான். அறுவடை முடிஞ்சதும் வயல்ல தண்ணி கட்டி விட்டுடுவாங்க. சிந்தின நெல்லைத் தின்ன வடக்கேயிருந்து மல்லார்ட் வாத்துங்க கூட்டம் கூட்டமா வந்து இறங்கும். தஞ்சாவூர் பக்கத்துல பொறந்தவனுக்கு அந்த வயலைப் பாத்ததும் மனசு என்னவோ பண்ணும். "ஒரு தடவை வா"ன்னு கூப்பிட்டார். துப்பாக்கி அவரோடது, தோட்டா மட்டும் நான் வாங்கிட்டு வரணும்.

ஹெச்-1பி விசாவுல இருக்கறவங்களுக்கு ஒரு தகவல். அங்க பொதுவா நம்மள மாதிரி ஆளுங்க துப்பாக்கியைக் கையில வெச்சிருக்கவே கூடாது. செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. அதனால லைசென்ஸைத்தான் முதல்ல வாங்கினேன்.

அப்புறம் கடைக்குப் போனேன். 12 கேஜ் ஷாட்கன் தோட்டா அலமாரி முன்னாடி நின்னா, மூணு நீளம் இருக்கு: 2¾ இன்ச், 3 இன்ச், 3½ இன்ச். எதுன்னு அவர்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. பெரிசா வாங்கினா தப்பாகாதுன்னு நம்ம வீட்டுல குக்கர் வாங்கற கணக்குல யோசிச்சு, 3½ எடுத்தேன். விலையும் அதுக்குத்தான் அதிகம். சரி, பவர் அதிகம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்த நெனப்புதான் தப்பு. ஏன்னு புரிய கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஷாட்கன் தோட்டாவுக்குள்ள ஒரே குண்டு இருக்காது. கீழ மருந்து, நடுவுல பிளாஸ்டிக் கப், அதுக்குள்ள சின்னச் சின்ன குண்டுங்க. நம்ம ஊர் பேப்பர்ல நாட்டுத்துப்பாக்கி செய்தியில 'பால்ரஸ் குண்டு'ன்னு போடுவாங்களே, அந்த மாதிரி. ரொம்ப காலம் இந்தக் குண்டு ஈயத்துல இருந்துச்சு. சுட்டது போக மிச்ச ஈயமெல்லாம் சேத்துல விழும். வாத்துக்குப் பல் கிடையாது. சின்னக் கல்லை முழுங்கி, வயித்துல இருக்கற அரைவைப்பையில வெச்சுத்தான் தீனியை அரைக்கும். கோழிக்கடையில ஈரலோட சேத்துக் குடுப்பாங்களே, கெட்டியா ஒரு துண்டு, அதுதான் அரைவைப்பை. வாத்து கல்லுன்னு நெனச்சு ஈயத்தை எடுத்து முழுங்கிடும். ஈயம் உள்ள அரைபட்டு ரத்தத்துல கலக்கும், பறவை நாள்கணக்குல மெலிஞ்சு சாகும். ஃப்ராங்க் பெல்ரோஸ்னு இல்லினாய் மாநில ஆராய்ச்சியாளர் ஒருத்தர், நீர்ப்பறவைகள்ல வருஷத்துக்கு 2-லேருந்து 3 சதவீதம் இப்படியே சாகுதுன்னு 1959-லயே கணக்குச் சொன்னார். சுடாமலே செத்த கணக்கு இது. ஆனா நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டையில ஈயத்துக்குத் தடை வந்து முடிய 1991 ஆயிடுச்சு.

ஈயம் போனதும் அந்த இடத்துக்கு ஸ்டீல் வந்துச்சு. இப்ப நிஜமாவே பால்ரஸ்தான்! ஆனா ஸ்டீல் லேசு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11 கிராமுக்கு மேல, ஸ்டீல் 8 கிராம்கூட வராது. லேசான குண்டு காத்துல சீக்கிரம் வேகம் இழக்கும். அதைச் சரிக்கட்ட ரெண்டு சைஸ் பெரிய குண்டு போடணும். அதாவது ஈயத்துல 4-ம் நம்பர் போட்டவர் ஸ்டீல்ல 2-ம் நம்பர் போடணும். (நம்பர் குறைஞ்சா குண்டு பெரிசு. யார் இந்த முறையைக் கண்டுபிடிச்சாங்களோ!) பெரிய குண்டு, லேசான உலோகம், பாரலைக் கீறாம இருக்கத் தடிமனான பிளாஸ்டிக் கப். மூணும் சேந்தா பழைய தோட்டாவுல இடம் பத்தாது. இந்த இடத்துக்காகத்தான் 3 இன்ச் தோட்டாவை எல்லாரும் தேடிப் போனாங்க, 1988-ல 12 கேஜ்ல 3½ இன்ச்சும் வந்துச்சு.

ஆக, நீளம்ங்கறது இடம். பெரிய டிபன் பாக்ஸ் மாதிரி, அவ்வளவுதான். பாரலை விட்டு வெளிய வந்த குண்டுக்கு, தான் எந்த நீளத் தோட்டாவுலேருந்து வந்தோம்னு தெரியாது. ஒரே சைஸ் குண்டு ஒரே வேகத்துல கிளம்பினா, 3 இன்ச்லேருந்து வந்ததும் 3½-லேருந்து வந்ததும் 40 கெஜத்துல ஒரே மாதிரிதான் அடிக்கும். அதிகமா கெடைக்கறது எண்ணிக்கை மட்டும். 2-ம் நம்பர் ஸ்டீல் ஒரு அவுன்ஸுக்கு சுமார் 125 குண்டு. 3 இன்ச்ல வழக்கமா 1¼ அவுன்ஸ், அதாவது 156 குண்டு. 3½-ல 1½ அவுன்ஸ் போட்டா 187. முப்பது குண்டு கூட.

இதெல்லாம் எனக்கு அன்னிக்குத் தெரியாது. விடிகாலை குளிர்ல வயல் நடுவுல குழிக்குள்ள உக்காந்திருந்தோம். முதல் ரெண்டு குண்டும் காத்துக்குப் போச்சு. தோள்ல விழுந்த அடி இருக்கே, ரெண்டாவது தடவை டிரிகரை அழுத்தறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிட்டேன். மூணாவதா ஒரு ஆண் மல்லார்ட் தள்ளிப் போச்சு. தூரம்தான், ஆனா கையில இருக்கறது 3½ ஆச்சேன்னு சுட்டேன்.

பட்டுச்சு. ஆனா விழல. ஒரு காலைத் தொங்கவிட்டுக்கிட்டு, இறக்கையை விரிச்சபடியே சரிஞ்சு போய், வயலுக்கு அந்தப் பக்கம் கோரைப்புல்லுக்குள்ள இறங்கிடுச்சு. அடிபட்ட பறவையைத் தேடி எடுக்க முயற்சி பண்ணியே ஆகணும்னு சட்டம் இருக்கு. சட்டம் இல்லாட்டியும் அவர் தேடியிருப்பார். நாயை விட்டோம், நாங்களும் இடுப்பளவு தண்ணியில முக்கால் மணி நேரம் நடந்தோம். கெடைக்கல. திட்டுவார்னு நெனச்சேன். "எவ்வளவு தூரம்னு நெனச்சே?"ன்னு மட்டும் கேட்டார். நாப்பதுன்னேன். பறவை இருந்த எடத்துக்கு நேரா ஒரு கம்பத்தை லேசர் மீட்டர்ல பாத்துட்டு என் கையில குடுத்தார். 58 கெஜம்.

அடுத்த சனிக்கிழமை என்னைச் சுடும் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனார். பெரிய பேப்பர் ஒட்டி, 40 கெஜத்துலேருந்து ஒரு தடவை சுட்டு, ஓட்டை அதிகமா இருக்கற எடத்தைச் சுத்தி 30 இன்ச் வட்டம் போட்டு எண்ணணும். மல்லார்ட் சைஸ் வாத்து சுத்தமா விழணும்னா வட்டத்துக்குள்ள 85-லேருந்து 90 குண்டு வேணும்ங்கறது டாம் ராஸ்டர் பரிசோதனைகள்லேருந்து வந்த கணக்கு. அவரோட 3 இன்ச் தோட்டா 110 ஓட்டை போட்டுச்சு. என்னோடது 124. ரெண்டுமே தாராளம். "இப்ப 58-க்குப் போ"ன்னார். என் 3½ அங்க போட்டது 67. அந்த 67-ம் வேகம் செத்துப் போன குண்டுங்க. என்கிட்ட இருந்த கூடுதல் முப்பது குண்டு அந்தப் பறவையைக் கொல்ல உதவல, அடிக்க மட்டும் உதவிச்சு.

வாத்துக்கு மட்டும்னா என் கருத்து: 3 இன்ச், 2-ம் நம்பரோ 3-ம் நம்பரோ, 40 கெஜத்துக்குள்ள. மரங்களுக்கு நடுவுல தண்ணி நிக்கற காட்டுல 25 கெஜத்துல இறங்கற வாத்துக்கு 2¾-யே போதும், தோளும் பிழைக்கும். 3½-க்கு நியாயமான எடம் பெரிய கனடா கூஸ். அதுக்கு பிபி மாதிரி பெரிய குண்டு வேணும், அது அவுன்ஸுக்கு 72 தான் வரும். அங்க ஒவ்வொரு குண்டுக்கும் மதிப்பு இருக்கு. இன்னொரு வேடிக்கை: பிஸ்மத், டங்ஸ்டன்னு கனமான உலோகக் குண்டுங்க வந்த பிறகு சிலர் திரும்ப 2¾-க்கே வந்துட்டாங்க. கனம் திரும்பி வந்தா, இடம் தேவையில்ல. விலையைக் கேட்டாதான் மயக்கம் வரும்.

ஒரே ஒரு எடத்துல நீளம் உயிர் விஷயம். தோட்டா மேல போட்டிருக்கற நீளம் சுட்டு வாய் விரிஞ்ச பிறகு இருக்கற நீளம். சுடாத 3 இன்ச் தோட்டா அதைவிடக் குட்டையா இருக்கறதால, 2¾ சேம்பர் உள்ள பழைய துப்பாக்கியில சமத்தா உள்ள போயிடும். சுட்டதும் விரிய எடமில்லாம பிரஷர் எகிறும். உள்ள போகுதேன்னு நம்பக் கூடாது, பாரல் மேல பொறிச்சிருக்கற நீளத்தைத்தான் படிக்கணும். நீளமான சேம்பர்ல சின்னத் தோட்டா போடலாம், அது பிரச்சினை இல்ல.

25 தோட்டா டப்பாவுல வயல்ல மூணு, பேப்பர்ல அஞ்சு போக 17 மிச்சம். அவர்கிட்டயே குடுத்துட்டேன். கூஸ் சீசனுக்கு வெச்சுக்கறேன்னு வாங்கிக்கிட்டார். அடுத்த தடவை போகும்போது வண்டியில 3 இன்ச் டப்பாவும் லேசர் மீட்டரும் இருந்துச்சு. கோரைப்புல் பக்கம் வந்ததும் நாய் தானா அந்தப் பக்கம் ஓடி, கொஞ்ச நேரம் மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்துச்சு.

சரி, அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.