நுணுக்குக்காட்டியும் லயமும்

பேராதனையில் தொற்றுநோயும் நிர்ப்பீடனவியலும் பயிலும் இளம் ஆய்வாளர் அறியவேண்டிய பழைய அநுபவமொன்று மலைநாட்டுத் தோட்டங்களில் உண்டு. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழுவை ஒழிக்க முற்பட்டனர். மலத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கி முட்டையைக் கண்டனர். மருந்தூட்டிப் புழுவை வெளியேற்றினர். சோம்பலென்று ஏசப்பட்ட களைப்புப் பலருக்குச் சோகையே என்பது தெளிவாயிற்று. ஆயினும், குணமடைந்தோர் வெறுங்காலுடன் அதே மண்ணை மிதித்தனர். குடம்பி மீண்டும் தோலைத் துளைத்து ஏறிற்று. சின்னம்மை ஒருமுறை கண்டவரைப் பெரும்பாலும் மறுமுறை அண்டாது. கொழுக்கிப்புழுவோ அத்தகைய காப்பை உடலில் விட்டுச்செல்வதில்லை. ஆகவே, கண்ணாடித் தகட்டில் முட்டையை எண்ணப் பழகும் மாணவர், அட்டன் மலைச்சரிவிலுள்ள லயத்துக்கும் ஏறிச்சென்று, எத்தனை குடும்பத்துக்கு ஒரு மலகூடம் என்பதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளப் பழகவேண்டும். இவ்விரண்டாவது கணக்கைப் பரீட்சையில் எவரும் கேட்பதில்லை, லயத்திலிருப்போர் கேட்பர்.