வாடகை வீட்டில் ஏசி: வாங்கும் முன் ஒரு கணக்கு

விழுப்புரம், திண்டிவனத்தில் நமக்கு ஹீட்டர் தேவையில்லை. கோடை வெயில்தான் கவலை. பழைய வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஏசி வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

ஏசி மணிக்குச் சராசரியா 1 யூனிட் எடுக்குதுன்னு வைப்போம். தினம் 8 மணி நேரம் ஓடினா 60 நாளில் 480 யூனிட். ஃபேன், ஃபிரிட்ஜ் சேர்ந்தா 500-ஐத் தாண்டிடும். இப்போதுள்ள முறைப்படி, இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கட்டணம் கூடும்.

அதனால முதல்ல ஃபேனை மாத்துங்க. பழையது சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்தான். வீடு காலி பண்ணும்போது கழற்றி எடுத்துட்டும் போகலாம். மேல்மாடியில் குடியிருந்தால், மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்க வீட்டு உரிமையாளரிடம் கேளுங்க.

ஏசி வேணும்தான்னா, வயரிங்கையும் எர்த்தையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்க. இணைப்பு உரிமையாளர் பெயரில் இருந்தால், கூடுதல் மின்சுமைக்கு அவரை ஆன்லைனில் விண்ணப்பிக்கச் சொல்லுங்க. சுவரில் துளையிட அனுமதியை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிடுங்க. மின்சாரச் சந்தேகம், புகாருக்கு மின்னகம்: 94987 94987. செல்போனில் இப்பவே பதிஞ்சு வெச்சுக்கோங்க.