குற்றவாளி உணர்கருவியா, கம்பியா?



எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். ஒருநாள் வேனின் முகப்புப் பலகையில் இயந்திர விளக்கு எரிந்தது. பெட்ரோல் வாடை அடித்தது. புகை கருத்தது. சமிக்ஞை விளக்கருகே வேன் இரண்டு முறை நின்றும் போனது, உள்ளே பிள்ளைகளோடு.

பட்டறையில் நீர்வெப்ப உணர்கருவியை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது. இன்னொரு உணர்கருவி மாட்டினார்கள். அதுவும் பயன் தரவில்லை. "இனி கணினியைத்தான் மாற்றவேண்டும்" என்றார்கள்.

"அண்ணே, மாற்றினால் இரண்டு மாதச் சம்பாத்தியம் போய்விடும். மாற்றாவிட்டால் பிள்ளைகளை ஏற்றப் பயமாக இருக்கிறது" என்று என்னிடம் வந்தார்.

நேயர்களே, பழுதின் காரணத்தை அறியுமுன் சாமான்களை மாற்றுவது, நோயை அறியுமுன் மருந்து கொடுப்பது போன்றதாகும். ஆகவே முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

நீர்வெப்ப உணர்கருவி என்பது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் ஒரு சிறு பொருள். குளிர்ந்திருக்கும்போது தடை அதிகம். சூடேறச் சூடேறத் தடை குறையும். பல கார்களில் 20 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 2,500 ஓம் இருக்கும். 80 பாகையில் சுமார் 300 ஓம்தான். கணினி ஒரு கம்பி வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. உணர்கருவியின் தடைக்கேற்ப அந்த மின்னழுத்தம் இறங்குகிறது. எவ்வளவு இறங்கியது என்பதைக் கொண்டு கணினி வெப்பத்தைக் கணக்கிட்டு, பெட்ரோலின் அளவை முடிவு செய்கிறது.

கம்பி அறுந்தால் என்னவாகும்? மின்னழுத்தம் இறங்காமல் 5 வோல்ட்டிலேயே நிற்கும். கணினி அதைச் சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிர் என்று எண்ணிக்கொள்ளும். பனியே பெய்யாத நம் நாட்டில் இப்படி ஒரு குளிரா! ஆனால் கணினிக்கு ஊர் தெரியாது. குளிர்ந்த இயந்திரத்துக்கு ஊட்டுவது போல் பெட்ரோலை அள்ளி ஊற்றிவிடும். அதனால்தான் கரும்புகையும் வாடையும்.

ஓட்டுநரின் முன்பலகைக்கு அடியில் 16 ஊசிகள் கொண்ட செருகுவாய் ஒன்று உண்டு. அதில் ஸ்கேனரைச் செருகினேன். 'பி 0118' என்ற குறி வந்தது. உணர்கருவி கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. 'இந்த மின்சுற்றில் மின்னழுத்தம் மிக அதிகம்' என்பதே பொருள். சுற்று என்றால் உணர்கருவி, செருகி, இரண்டு கம்பிகள், கணினி ஆகிய எல்லாமே. பட்டறைக்காரர்கள் அவற்றுள் ஒன்றை மட்டுமே சந்தேகித்துவிட்டார்கள்.

முதலில் சாவியை அணைத்து, உணர்கருவியின் செருகியைக் கழற்றி, மல்டிமீட்டரால் அதன் தடையை அளந்தேன். சரியாக இருந்தது. அடுத்து, செருகியின் இரண்டு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினேன். ஸ்கேனரில் வெப்பம் 130 பாகைக்கு மேல் ஏறியது. அப்படி ஏறினால் அந்த நேரத்தில் கம்பிகளும் கணினியும் நலம் என்று பொருள். இந்தச் சோதனை இரண்டு கம்பி கொண்ட வெப்ப உணர்கருவிக்கு மட்டுமே உரியது, மற்றவற்றில் செய்யக்கூடாது.

'அந்த நேரத்தில்' என்றேன் அல்லவா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. இணைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கம்பிகளை விரல்விரலாக அசைத்துப் பார்த்தேன். செருகியிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி அசைத்தபோது, 130 பாகை சட்டென்று சுழியத்துக்குக் கீழே 40க்குப் போய்த் திரும்பியது. உணர்கருவிதான் சுற்றிலேயே இல்லையே! கணினியும் இரண்டு எல்லைகளையும் சரியாகக் காட்டியது. ஆகவே குற்றவாளி கம்பிதான்.

வெளியே பார்த்தால் உறையில் கீறல்கூட இல்லை. மெல்ல இழுத்தேன், ரப்பர் போல் நீண்டது. உள்ளே செம்பு முழுமையாக இருந்தால் நீளாது. முன்பு நீர்க்குழாய் மாற்றியபோது, கம்பியைப் பிடித்திருந்த கவ்வியைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். இயந்திரம் அதிர அதிர, விறைப்பாகத் தொங்கிய கம்பியின் உட்செம்பு முறிந்துவிட்டது. வேறு சில வண்டிகளில் எலிக்கடியும், செருகிக்குள் நீர் புகுந்து பூக்கும் பச்சைக் களிம்பும் இதே வேலையைச் செய்யும்.

பழுது பார்ப்பது எளிது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றவேண்டும். செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, அதே தடிப்புள்ள புதுக் கம்பியை இணைக்கவேண்டும். சூட்டில் சுருங்கும் குழாயை இணைப்பதற்கு முன்பே கம்பியில் கோத்துவிடுங்கள். பிறகு கோக்க வழியில்லை. ஈயம் பற்றவைத்த இடம் விறைப்பாகிவிடும். ஆகவே இருபுறமும் கவ்வியிட்டு, கொஞ்சம் தளர்வு விட்டு, புகைபோக்கிக் குழாயின் சூட்டுக்கு எட்டாமல் கட்டுங்கள். சோதிக்கும்போது ஊசியால் கம்பியின் உறையைக் குத்தாதீர்கள். அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து நாளைக்குப் புதுப் பழுது உண்டாகும். காற்றுப்பைக்குச் செல்லும் மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, குறியை அழித்துவிட்டுச் சரிபார்க்கவேண்டும். இரவெல்லாம் நின்ற வேன், காலையில் வெளிக்காற்றின் வெப்பத்தையே காட்டவேண்டும். இயந்திரம் ஓட ஓட அந்த எண் குதிக்காமல் படிப்படியாக ஏறவேண்டும். அன்பரின் வேன் அப்படியே ஏறியது. செலவு சில வெள்ளிதான். பிள்ளைகளும் நேரத்தோடு பள்ளிக்குப் போனார்கள்.

உங்கள் காரில் விளக்கு எரிந்தால், பட்டறையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கம்பியைச் சோதித்தீர்களா?" அந்தக் கேள்விக்குக் காசு இல்லை. கேட்காமல் விட்டதற்கு அந்த அன்பர் கொடுத்த விலை, இரண்டு உணர்கருவிகள்.