வெறும் பீப்பாவும் விஷந்தான்
(கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள், தண்ணீர் பிடிக்க உதவுமேயென்று பழைய பீப்பாவை மலிவாக வாங்கி லயத்துக்கு அனுப்புகிறார்கள். பாசந்தான். ஆனால், அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று கேட்டீங்களா? தெரியாவிட்டால் வாங்காதீங்க.

1958இல் கேரளாவுக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவில், கூடவே ஏற்றிய பூச்சிமருந்து கசிந்து கலந்தது. 100க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கசிந்த மருந்தே அப்படியென்றால், மருந்து குடியிருந்த பீப்பா எப்படி இருக்கும்? பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும். சவர்க்காரம் போட்டாலும் முழுதாகப் போகாது.

ஆகவே தோட்டத்தில் மருந்து கலக்கும்போது, காலியான கேனில் கால்பங்கு தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, அதை மருந்தடிக்கும் டாங்கியிலேயே ஊற்ற வேண்டும். இப்படி 3 தரம். பிறகு துளையிட்டு, நசுக்கி, ஸ்டோரில் ஒப்படையுங்கள். ஆற்றில் கழுவாதீங்க, அடுப்பில் எரிக்காதீங்க. இரும்புப் பீப்பாவை நெருப்பு வைத்து வெட்டவே கூடாது; உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

துளையிட்ட பீப்பாவில் யாரும் தண்ணீர் பிடிக்க முடியாது. நம்ம குழந்தைகளுக்கு அதுதான் காவல்.