துணை மருத்துவமும் மாற்று மருத்துவமும்

(தில்லியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற மக்கள் நலவாழ்வு வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேச ஒரு மருத்துவரை அழைத்திருக்கலாம். மொழிபெயர்ப்பாளரான என்னை அழைத்திருக்கிறீர்கள். எனவே ஒரு மொழிபெயர்ப்புப் பிழையை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

நலவாழ்வு குறித்த ஆங்கில ஆவணங்களில் ‘காம்ப்ளிமென்டரி’, ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற இரு சொற்களும் பெரும்பாலும் இணைந்தே வரும். பல ஆண்டுகளாக இரண்டையும் சேர்த்து ‘மாற்று மருத்துவம்’ என்றே எழுதி வந்தேன். ஒரே பொருளுக்கு எதற்கு இரு சொற்கள் என்று கருதினேன். ஆனால் அவை ஒரே பொருள் அல்ல. நடைபெறும் சிகிச்சையோடு சேர்த்து மேற்கொள்வது துணை. அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் வைப்பது மாற்று. இந்த வேறுபாட்டை நான் அகராதியில் கற்கவில்லை, என் வீட்டில் கற்றேன்.

என் அக்காவுக்கு நீண்டகாலமாக நீரிழிவு நோய் உண்டு. இன்சுலின் எடுத்து வந்தார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஊசியும் மாத்திரையும் இல்லாமல் சர்க்கரையை அடியோடு நீக்குவதாகக் கூறிய ஒருவரிடம் சென்றார். அவர் இன்சுலினை நஞ்சு என்றார். அக்கா நிறுத்திவிட்டார். சில மாதங்களில் காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது காலம் கடந்திருந்தது. இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. அவர் படித்தவர், அறிவாளி. அவர் ஏன் அங்கே சென்றார் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

ஒரே பெயரில் பல பொருள்கள்

முதலில், இந்தப் பெயருக்குள் எவையெல்லாம் அடங்குகின்றன என்று பார்ப்போம். ஆயுர்வேதம், சித்தம், யுனானி, இமயமலைப் பகுதியின் சோவா ரிக்பா, ஜெர்மனியில் தோன்றிய ஹோமியோபதி ஆகியவை தமக்கெனத் தனிக் கோட்பாடும் மருந்து நூல்களும் கொண்ட முறைகள். யோகா, மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவை உடலையும் மனத்தையும் பழக்கும் பயிற்சிகள். மசாஜ், வர்மம், எலும்பு மூட்டுகளைக் கையால் சரிசெய்யும் முறைகள் ஆகியவை உடலைத் தொட்டுச் செய்பவை. அக்குபங்சர் ஊசியால் செய்வது. ரெய்கி போன்றவை கண்ணுக்குப் புலப்படாத ஆற்றலைக் கையால் செலுத்துவதாகக் கூறுபவை.

இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி ‘நம் முன்னோர் அறிவு’ என்று தலையில் வைப்பதும் பிழை, ‘மூடநம்பிக்கை’ என்று குப்பையில் எறிவதும் பிழை. ஒவ்வொரு முறையையும், ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

ஊசி வந்த வழி

நம் இயக்கத்தோடு தொடர்புள்ள ஒன்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1938இல், ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய சீன மக்களுக்கு உதவ, இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் துவாரகநாத் கோட்னிஸ் 1942 டிசம்பரில் சீன மண்ணிலேயே உயிர்நீத்தார். நாடு திரும்பியவர்களில் ஒருவர் விஜய் குமார் பாசு. அவர் 1958இல் மீண்டும் சீனம் சென்று அக்குபங்சர் கற்றார். 1959இல் கல்கத்தாவில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். இந்தியாவில் அக்குபங்சர் பரவியதற்கு அவரே முதன்மையான காரணம். 1996இல் மேற்கு வங்க அரசு இம்முறையை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டம் இயற்றியது.

மருத்துவர் பாசுவை மதிக்கிறோம். ஆனால் மதிப்பு சான்றாகிவிடாது. சோதனைகள் சொல்வது என்ன? நாள்பட்ட முதுகுவலி, முழங்கால் மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி, புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டல் போன்றவற்றில் அக்குபங்சர் ஓரளவு ஆறுதல் தருகிறது. அதே வேளையில், குறித்த இடம் தவிர்த்து வேறிடத்தில் குத்தினாலும், தோலைத் துளைக்காத போலி ஊசியை வைத்தாலும், பல ஆய்வுகளில் ஏறத்தாழ அதே ஆறுதல் கிடைத்திருக்கிறது. ஆற்றல் ஓடுவதாகக் கூறப்படும் தடங்களை உடற்கூறியல் கண்டதில்லை. ஆகவே வலிக்குத் துணையாக, புதிய ஊசியோடு, பயிற்சி பெற்றவரிடம் செய்துகொள்வதில் தவறில்லை. காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் அதை மாற்றாகக் கொள்வது உயிருக்கு ஆபத்து.

மரபும் சோதனையும்

மரபிலிருந்து மருந்து கிடைக்காதா? கிடைத்திருக்கிறது. வியட்நாம் போர்க்காலத்தில் மலேரியாவை எதிர்கொள்ள 1967இல் சீனம் ஒரு ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பணியாற்றிய தூ யூயூ பழைய மருத்துவ நூல்களை வாசித்தார். சிங்ஹாவ் என்ற மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் குறிப்பை 4ஆம் நூற்றாண்டு நூலொன்றில் கண்டார். கொதிக்கவைத்தால் மருந்துச் சத்து அழிகிறது போலும் என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு பிரித்தெடுத்தார். அது எலிகளிடம் பலித்தது. பிறகு தம் உடலிலேயே சோதித்தார், அதன் பின்னரே நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதுவே ஆர்ட்டெமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவிலும் சான்று உண்டு. மக்கள் நெடுங்காலம் பயன்படுத்திய சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931இல் வங்க மருத்துவர்கள் எழுதினர். 1949இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளிடம் கண்டவற்றைப் பிரிட்டிஷ் இதழொன்றில் வெளியிட்டார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மன அழுத்தம் உள்ளிட்ட அதன் பக்கவிளைவுகளும் சோதனையாலேயே தெரியவந்தன. மரபு ஒரு தடயத்தைத் தரும். அந்தத் தடயம் உண்மையா என்பதைச் சோதனைதான் சொல்லும்.

சோதனையில் தோற்றதையும் சொல்ல வேண்டும். ஹோமியோபதியின் ‘30சி’ மருந்து என்பது, மூலப்பொருளை நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. அதாவது 1க்குப் பின் 60 சுழியங்கள். ஏறத்தாழ பன்னிரண்டாவது முறையைத் தாண்டியதுமே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. ஆஸ்திரேலிய அரசின் தேசிய நலவாழ்வு, மருத்துவ ஆய்வுக் கவுன்சில் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் அது பயனளிப்பதாக நம்பத்தகுந்த சான்றில்லை என்று 2015இல் அறிவித்தது. ‘எனக்குக் குணமானதே’ என்று தோழர்கள் சிலர் கூறுவீர்கள். சளி தானாகவே குணமாகும். வலி கூடிக் குறையும், மிகக் கூடியபோதுதான் நாம் சிகிச்சையைத் தேடுகிறோம். குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் ஆறுதல் தரும். அதனால்தான் மருந்துப்போலியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

‘இயற்கையானது, தீங்கில்லை’ என்பதும் சரியன்று. பாதரசமும் ஈயமும் கலந்த தயாரிப்புகள் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதித்திருக்கின்றன. கொரோனா காலத்தில் நோயெதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் கொடியைத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது.

அரசின் பொறுப்பு

மாயமாகக் குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் புற்றுநோயும் உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி கட்டாயம் என்று 2018இல் 170ஆம் விதி சேர்க்கப்பட்டது. 2014இல் தனி அமைச்சகமாக உருவான ஆயுஷ் 2024 ஜூலை 1 அன்று அந்த விதியையே நீக்கி அறிவிக்கை வெளியிட்டது. ஆகஸ்டு 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. பழம்பெருமை பேசும் ஆட்சி, பழைய மருந்துகளைக் கறாராகச் சோதிக்க வைப்பதற்கு மாறாக, விளம்பரதாரரின் வழியைச் செப்பனிட்டது.

மறுபுறத்தையும் பாருங்கள். பணம் செலுத்த இயலாததால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று 1946இல் போர் குழு கூறியது. 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காட்டை அரசுகள் மருத்துவத்திற்குச் செலவிடும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை உறுதி தந்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. அரசு மருத்துவமனையில் கூட்டம், தனியார் மருத்துவமனையில் கட்டணம். இரண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில்தான் அற்புத மருந்து விற்பவன் கடை விரிக்கிறான்.

நாம் கேட்க வேண்டியவை

அண்டை வீட்டார் நம்மிடம் ஆலோசனை கேட்டால் ஏளனம் செய்யாதீர்கள். ஏளனம் செய்தால் அடுத்த முறை நம்மிடம் சொல்லாமலே செல்வார்கள். நான்கு கேள்விகளை அவர்களோடு சேர்ந்து கேளுங்கள். இது இப்போதைய மருந்தோடு சேர்த்தா, அதற்குப் பதிலாகவா? யாரிடம், எந்த நோய்க்குச் சோதித்தார்கள்? மருந்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதித் தருவார்களா? நம் மருத்துவரிடம் இதைச் சொல்லலாமா? ‘மருந்தை நிறுத்து’, ‘மருத்துவரிடம் சொல்லாதே’ என்ற இரண்டில் ஒன்றைச் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

இனி அக்காவிடம் வருகிறேன். இப்போது இன்சுலினைத் தவறாமல் எடுக்கிறார். காலையில் மூச்சுப் பயிற்சியும் செய்கிறார், தூக்கம் நன்றாக வருகிறது என்கிறார். அவருடைய மருத்துவருக்கு அது தெரியும். அதுதான் துணை. ஒரு நாள், ‘ஏன் அக்கா அங்கே போனீர்கள்?’ என்று கேட்டேன். ‘ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலிருந்து நின்றால் இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அந்த ஆள் முக்கால் மணி நேரம் என் பேச்சைக் கேட்டானே’ என்றார்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளியையும் மருத்துவரையும் மருந்தையும் மட்டும் எண்ணி நிறுத்தவில்லை, உடனிருந்து கவனிப்பவரையும் சேர்த்து நான்காக எண்ணுகிறது. தமிழ் படித்த எனக்கு அது பாடமாகத் தெரிந்திருந்தது. அக்கா சொன்ன பிறகுதான் அதன் பொருள் விளங்கியது. சான்றுள்ள மருந்து இருக்கும் இடத்தில் கேட்கும் காது இல்லை. கேட்கும் காது இருக்கும் இடத்தில் மருந்து இல்லை. இரண்டும் ஒரே அரசு மருத்துவமனையில், கட்டணமின்றி, போதிய மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதற்காகக் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாகச் செல்லும்போது, அந்த வீட்டாரின் நோயைப் பற்றியும் சற்று நேரம் உட்கார்ந்து கேளுங்கள், தோழர்களே.