குறைந்த பொருளில் நிறைந்த ஒலி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கிய மேடையில் ஸ்பீக்கர், ஆம்பிளிஃபயர் ஆகியவற்றைப் பற்றி ஓர் உரையா என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழக்கூடும். கவிதை செவிவழிக் கலை என்பதை ஒப்புக்கொண்டவர்களுக்கு இப்பொருள் அயலானதன்று. வள்ளுவர் திருக்குறளின் 42ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்கினார். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகப் பிறப்பியலை வைத்து, ஒவ்வோர் ஒலியும் வாயில் எவ்விடத்துப் பிறக்கின்றது என வகுத்துரைத்தார். இந்நகரின் வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியில் கம்பன் பாடல்கள் வாய்விட்டுச் சொல்லப்பட்டன. செவியில் விழுந்த பின்னரே அவற்றின் சுவை ஆராயப்பட்டது. அத்தகைய மரபில் வந்தவர்களின் வீட்டில் நல்ல ஒலி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதனை எளிய வருவாய் உள்ளவர் பெறுவது எங்ஙனம் என்பதே இவ்வுரையின் பொருள்.

செவியே உரைகல்

பொன்னின் மாற்றறிய உரைகல் வேண்டும். ஒலிக்கருவியின் தரமறிய, மூல ஒலியைக் கேட்டுப் பழகிய செவி வேண்டும். அவ்வகையில் பொருநைக் கரையில் வாழ்வோர் பேறு பெற்றவர்கள். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களும், ஆழ்வார்திருநகரியின் கல் நாகசுரமும், கல்லிலும் சுரம் கேட்ட முன்னோரின் செவி நுட்பத்துக்குச் சான்றுகள். இப்பகுதியின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு விடிய விடிய நிகழ்கின்றது. நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) இப்பள்ளத்தாக்கின் ஊரைத் தம் பெயரில் தாங்கியவர். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் ஒலித்த அவருடைய நாகசுரம் தமிழகமெங்கும் பரவியது.

கோயில் வெளியில் நாகசுரத்தையும் தவிலையும் நேரில் கேட்டவர், கடையில் ஒரு ஸ்பீக்கர் அவ்வொலியைத் தருகின்றதா, திரிக்கின்றதா என்பதைச் சில நொடிகளில் உணர்வார். அவ்வனுபவம் இல்லாதவர், அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களை நம்பி ஏமாறுவார். பழகிய செவிக்கு விலை இல்லை. அதனைப் பெற்றவர் பாதிச் செலவை அப்போதே மிச்சப்படுத்திவிடுகின்றார்.

ஆயினும் இப்பகுதியினரின் செவிக்கு ஒரு கேடும் நேர்ந்தது. கொடை விழாக்களிலும் திருமண வீடுகளிலும் பனைமர உயரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் பல தலைமுறைகளுக்கு ஒலியை அறிமுகம் செய்தன. குழாய் வடிவம் சிறிதளவு மின்னாற்றலையும் பேரொலியாக மாற்றும். வயல்களைக் கடந்து அடுத்த ஊருக்கும் அறிவிப்பைக் கொண்டு சேர்க்கும். ஆனால் ஆழ்ந்த ஒலிகளையும் மிக நுண்ணிய ஒலிகளையும் விட்டுவிட்டு, இடைப்பட்ட ஒலிகளை மட்டுமே அது உரத்துச் சொல்லும். உரத்த ஒலியே நல்ல ஒலி என்னும் மயக்கம் இதனால் வேரூன்றிற்று.

பிரதி மலிந்த வரலாறு

கிராமபோன் இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட இசையையே தாங்கியது. பெட்டியும் தட்டும் செல்வர் வீட்டுப் பொருள்களாக இருந்தன. வானொலி அந்நிலையை மாற்றியது. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கப்பட்டபோது, இவ்வட்டாரத்தின் பேச்சும் பாட்டும் இவ்வட்டார வீடுகளிலேயே ஒலித்தன. அதே 1963இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை, அதாவது கேசட்டை, அறிமுகம் செய்தது. எண்பதுகளில் கேசட் சிற்றூர்த் தேநீர்க் கடை வரை எட்டியது. 1982இல் குறுந்தகடு வந்தது. அது ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிவது.

இன்று கைப்பேசியே அவ்வளவு துல்லியமான மூலமாகிவிட்டது. முற்காலத்தில் பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய ‘மூலக் கருவி’ இன்று பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றது. ஆம்பிளிஃபயரும் மலிந்துவிட்டது. ‘கிளாஸ் டி’ என்னும் வகை, தான் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஸ்பீக்கருக்குத் தரவல்லது. ஆகவே மிகுதியாகச் சூடேறாமல் ஒரு நூலின் அளவுக்குள் அடங்குகின்றது. இன்னும் எளிதாகாமல் எஞ்சி நிற்பவை இரண்டு: காற்றை அசைக்க வேண்டிய ஸ்பீக்கரும், அக்காற்று உலவும் அறையும். பணமும் கவனமும் செல்ல வேண்டிய இடங்கள் இவையே.

எண்கள் செய்யும் மாயம்

தொண்ணூறுகளில் சிறு கேசட் பெட்டிகளின் நெற்றியில் ‘1000 வாட்’, ‘2000 வாட்’ என்று பொறித்து, அருகில் பி.எம்.பி.ஓ. என்று எழுதியிருந்தார்கள். அது கண்ணிமைக்கும் பொழுதில் தோன்றி மறையும் உச்சத்தைக் கற்பனையாகக் கணக்கிட்ட எண். இடையறாது தரக்கூடிய ஆற்றலைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். அளவு அப்பெட்டிகளுள் பலவற்றில் பத்து வாட்டையும் தொடவில்லை.

உண்மையான வாட் கூட அச்சுறுத்தும் அளவுக்குப் பெரிய பொருள் அன்று. ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். அது செவிக்குச் சிறு வேறுபாடு. இருமடங்கு உரப்பாகச் செவி உணர வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே 40 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் இடையே உள்ள விலை வேறுபாட்டைச் சுமப்பது வீண்.

அதற்கு மாறாக ஸ்பீக்கரின் உணர்திறன் என்னும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு வாட் ஆற்றலைப் பெற்று ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் தருகின்றது என்பதே அது. 85 தருவதற்குப் பதில் 91 தரும் ஸ்பீக்கரை வாங்கினால், ஆம்பிளிஃபயரின் ஆற்றலை நான்கு மடங்காக்கியதற்கு ஒப்பாகும்.

மற்றொரு மாயம் சிறு பெட்டியிலிருந்து எழும் பெருமுழக்கம். ஒலியின் அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே உரப்பைத் தர நான்கு மடங்கு காற்றை அசைத்தாக வேண்டும். இவ்விதியை எந்த நிறுவனமும் மீற இயலாது. உள்ளங்கை அளவுப் பெட்டி ‘தடதட’ என முழங்குகின்றது என்றால், ஆழ்ந்த ஒலிக்குப் பதிலாக அதற்கு மேலுள்ள ஓர் ஒலியை அது ஊதிப் பெருக்குகின்றது என்பது பொருள்.

பணத்தைப் பகிர்தல்

விலைகள் ஆண்டுதோறும் மாறும். விகிதம் அவ்வளவாக மாறாது. ஒதுக்கிய தொகையைப் பத்துப் பங்காக்கி ஆறு பங்கை ஸ்பீக்கர்களுக்கும், மூன்று பங்கை ஆம்பிளிஃபயருக்கும், ஒரு பங்கைக் கம்பி முதலியவற்றுக்கும் அளித்தல் தகும். ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு முழக்கப் பெட்டியும் கொண்ட மலிவான தொகுப்பைவிட, அதே விலையில் இரண்டே ஸ்பீக்கர்கள் உயர்ந்த ஒலி தரும். ஆறாகப் பிரிய வேண்டிய பணம் இரண்டில் தங்குகின்றது அல்லவா? விலையுயர்ந்த கம்பிகள் தேவையில்லை; போதிய பருமனுள்ள சாதாரண செப்புக் கம்பி போதும்.

பழைய கருவிகளை வாங்குவோர் பெரும் பயன் பெறலாம். மரப்பெட்டியும் காந்தமும் பல ஆண்டுகள் கெடாமல் இருப்பவை. ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை மட்டும் விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் விளிம்பானால் நீண்ட காலம் நிற்கும். நுரைப்பஞ்சு விளிம்பானால் பத்து இருபது ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்ததையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. விளிம்பை மாற்றிக் கொடுக்கும் கைவினைஞர் கிடைத்தால் சிறு செலவில் அது மறுபிறப்பெடுக்கும். ஆம்பிளிஃபயரில் ‘உம்ம்’ என்னும் முனகல் கேட்டால் அதன் மின்தேக்கிகள் முதுமை அடைந்திருக்கலாம்; விலை பேசும்போது இதனைக் கருத வேண்டும்.

அறை என்னும் கருவி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலைச் சொல்லுமுன் அரங்கின் அளவைச் சொல்கின்றது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என இடத்தை முதலில் வரையறுத்த பின்னரே கலையைப் பேசுகின்றார் இளங்கோவடிகள். ஒலி கேட்கும் வீட்டுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

இவ்வூர் வீடுகளின் தரை சிமெண்டாலோ கல்லாலோ ஆனது, சுவர் வெறுமையானது. அறை நடுவில் நின்று கைதட்டினால் ‘ணங்’ என்று ஒரு பின்னொலி எழும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுவதன் அடையாளம் அது. அத்தகைய அறையில் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரும் சொற்களைக் குழப்பும். பத்தமடைப் பாய் அழகியது. ஆயினும் மெல்லியது என்பதால் உயர்ந்த ஒலிகளைச் சிறிதே தணிக்கும். மடித்து விரித்த ஜமுக்காளமும் இலவம்பஞ்சு மெத்தையும் தடித்த திரையும் அதைவிட நன்கு உதவும். சுவரை ஒட்டிய நூலடுக்கு மற்றொரு துணை. உயரமும் ஆழமும் வேறுபட்ட நூல்கள் ஒலியைப் பல திசைகளில் சிதறடிக்கும். மற்றவர்கள் பொருள் கொடுத்து வாங்கும் இவ்வசதி கவிஞர்களின் வீட்டில் முன்பே நிறைந்திருக்கின்றது. வாங்கிய நூல்களுக்கு வீட்டாரிடம் காரணம் சொல்லவும் இது பயன்படும்.

இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சம பக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைய வேண்டும். உயர் ஒலி தரும் சிறு கூம்பு, அமர்ந்தவரின் செவி மட்டத்தில் இருக்க வேண்டும். பீரோவின் உச்சியிலும் சுவர் மூலையிலும் ஸ்பீக்கரை வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலிகள் அளவுக்கு மீறித் திரண்டு பாடகரின் சொல்லை மூடும். சுவரிலிருந்து ஓரிரு அடி முன்னே நகர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை. பயனோ, புதுக்கருவி வாங்கியது போன்றது.

நான்கு சோதனைகள்

கடைக்காரர் ஒலிக்கச் செய்யும் முழக்கத்தைக் கேட்டு முடிவு செய்தல் கூடாது. தாம் நன்கறிந்த பதிவுகளைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.

முதலாவது, இசையற்ற மனிதக் குரல். பழகியவர் ஒருவர் கவிதை படித்த பதிவே சிறந்தது. லகரம், ளகரம், ழகரம் ஆகியவை தனித்தனியே கேட்க வேண்டும். இவற்றைப் பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் 1000 முதல் 3500 ஹெர்ட்ஸ் வரையில் அமைகின்றன. இரு கூம்பு ஸ்பீக்கர்களில் பெரிய கூம்பு ஓய்ந்து சிறிய கூம்பு தொடங்கும் இணைப்பிடமும் பெரும்பாலும் 2000, 3000 ஹெர்ட்ஸை ஒட்டியே உள்ளது. இணைப்பு செம்மையாக இல்லாத பெட்டியில் தமிழின் ழகரமே முதலில் சிதையும். பிறப்பியல் கற்றவர்க்கு இதைவிடக் கூரிய அளவுகோல் கிடைப்பது அரிது.

இரண்டாவது, வில்லுப்பாட்டு. குடத்தின் வாயில் மட்டை படும்போது எழும் ஒலி உருண்டு திரண்டு வந்து உடனே நிற்க வேண்டும். இழுபட்டு நீண்டால் பெட்டி அதிர்கின்றது. வில்லின் மணிகள் அதற்கு மேலே தெளிவாகச் சிதறிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, காருகுறிச்சியாரின் நாகசுரம். சீவாளியிலிருந்து பிறக்கும் அவ்வொலியில் மேலோசைகள் மிகுதி. தரமற்ற பெட்டி அதனைக் கீச்சொலியாக்கும். தரமானது கம்பீரத்தைக் காத்து, செவியைக் குத்தாது.

நான்காவது, ஒலியைத் தாழ்த்திக் கேட்டல். இரவில் பிறர் உறங்கும் வேளையில் வைக்கத்தக்க அளவிலும் சொற்கள் விளங்குமாயின், அக்கருவியை அச்சமின்றி வாங்கலாம்.

யாருடைய குரல் ஒலிக்கப் போகின்றது?

செவிக்குள் பொருத்தும் கருவிகள் இன்று மிகக் குறைந்த விலையில் வியக்கத்தக்க ஒலியைத் தருகின்றன. அசைக்க வேண்டிய காற்று மிகச் சிறிது என்பதே காரணம். தனியே பயில்வோர்க்கு அவை ஏற்றவை. ஆனால் ஒருவர் கேட்டதை அருகிலிருப்பவர் அறியார். ஒரு சொல்லில் நிறுத்தி, ‘மீண்டும் அதைக் கேட்போம்’ என்று சொல்லுவதற்கு இருவராவது ஒரே ஒலியைக் கேட்டாக வேண்டும். இலக்கிய வட்டம் ஒன்றுக்கு வீட்டுக் கூடத்தில் ஒலிக்கும் ஸ்பீக்கரே பொருத்தம்.

நல்ல கருவி அமைந்த பின் அதில் எதனைக் கேட்பது என்பது இறுதி வினா. கேசட் பரவிய காலத்தில் கவியரங்குகளும் வீட்டுக் கூட்டங்களும் கொடைப் பாட்டுகளும் பதிவு செய்யப்பட்டன. விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் அம்மெல்லிய நாடாக்கள் இன்றும் அலமாரிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. வெப்பமும் ஈரமும் பூஞ்சையும் அவற்றை அரிக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளின் ரப்பர் பட்டைகளும் இளகிப் போகின்றன. அக்குரல்களுக்கு உரியவர் பலர் இன்று இல்லை. வேறு பிரதியும் இல்லை.

ஆகவே வட்டத்தின் உறுப்பினர்கள் கூடி, நல்ல நிலையிலுள்ள கேசட் கருவி ஒன்றைத் தேடி வாங்குதல் வேண்டும். அதன் பட்டைகளை மாற்றி, ஒலித்தலையைச் சாராயக் கரைசலால் துடைத்து, ஒவ்வொரு நாடாவையும் சுருக்கப்படாத எண்முறைக் கோப்பாகப் பதிவு செய்தல் வேண்டும். பெயரும் நாளும் இடமும் எழுதி, இரண்டு படிகளை இரு வேறு வீடுகளில் வைத்தல் வேண்டும். மூல நாடாவை அழித்தல் ஆகாது. இதற்கு ஆகும் செலவு ஒரு கவியரங்கை நடத்தும் செலவுக்கு மேற்படாது.

முதல் பத்தாண்டில் வட்டம் கவிதைகளை அச்சில் சேர்த்து வைத்தது. அடுத்த பத்தாண்டில் அவற்றைச் சொன்ன குரல்களையும் சேர்த்து வைக்கட்டும். பரணில் உள்ள கேசட் பெட்டிகளை உறுப்பினர்கள் இவ்வாரமே இறக்கிப் பார்க்க வேண்டும் என்னும் வேண்டுகோளோடு இவ்வுரை நிறைவுறுகின்றது.