எழுதுபலகையைக் கொடுங்கள்

(திருமுழுக்கு யோவானின் பிறப்புப் பெருவிழாவை முன்னிட்டு வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை. நற்செய்தி வாசகம்: லூக்கா 1:57-66, 80)



திருச்சபை தன் திருவழிபாட்டில் மூவருடைய பிறந்த நாளைத்தான் கொண்டாடுகிறது. ஆண்டவர் இயேசு, அன்னை மரியா, திருமுழுக்கு யோவான். யோவானுடைய பிறந்த நாள் இன்று, சூன் 24. ஆனாலும் இன்று பிறந்த குழந்தையைப் பற்றி அல்ல, குழந்தையின் தகப்பனாரைப் பற்றி உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

செக்கரியா ஒரு குரு. கோவிலில் தூபம் காட்டச் சென்ற இடத்தில் வானதூதர் சொன்னதை நம்பத் தயங்கினார். பேச்சை இழந்தவராக வெளியே வந்தார். காத்திருந்த மக்களிடம் சைகைதான் காட்ட முடிந்தது. அன்று முதல் ஒன்பது மாதத்துக்கு மேலாக அந்த வீட்டில் அவர் குரல் கேட்கவில்லை.

குழந்தை பிறந்த எட்டாம் நாள் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கூடுகிறார்கள். நம் வீட்டு விசேஷம் போலவே எல்லாரும் ஆளுக்கொரு பேச்சு. அப்பா பெயரையே பிள்ளைக்கு வைத்துவிடலாம் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். எலிசபெத்து, இல்லை, யோவான் என்றுதான் வைக்க வேண்டும் என்கிறார். பெற்ற தாய் வாய் திறந்து சொல்லியும் யாரும் ஏற்கவில்லை. உங்கள் உறவில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லையே என்கிறார்கள். அதன் பிறகுதான் தகப்பனார் ஒருவர் அங்கே இருப்பது அவர்கள் நினைவுக்கு வருகிறது. அவரிடம் சைகையால் கேட்கிறார்கள். அவர் ஓர் எழுதுபலகையைக் கேட்டு வாங்கி, பெயர் யோவான் என்று எழுதுகிறார். எல்லாரும் வியப்படைகிறார்கள்.

சகோதரமே, இந்தக் காட்சியை நம் ஊரில் நான் அடிக்கடி பார்க்கிறேன். பூசை முடிந்து ஆலய வாசலில் ஒரு குடும்பம் நிற்கிறது. அறிவுசார் குறைபாடு உடைய மகன் கூட இருக்கிறான். வயது இருபதுக்கு மேல். 'தம்பி சாப்பிட்டாச்சா?' என்று அவனிடம் கேட்டால், 'சாப்பிட்டான் ஃபாதர்' என்று அம்மாவிடமிருந்து பதில் வருகிறது. 'பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?' என்றால், 'நல்லாப் போறான் ஃபாதர்' என்று அப்பா சொல்கிறார். அன்பினால்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை வாழும் நாளைப் பற்றி அவனைத் தவிர எல்லாரும் பேசிவிடுகிறோம்.

மேலே செல்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செக்கரியா தயங்கியதால் பேச்சை இழந்தார் என்பதை வைத்து, பேச்சு வராத பிள்ளை ஆண்டவர் கொடுத்த தண்டனை என்று எவரும் பேசக் கூடாது. இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டிச் சீடர்கள் கேட்டபோது, இரண்டும் அல்ல என்று ஆண்டவர் மறுத்துவிட்டார். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அந்தப் பேச்சை இன்னும் நம் தெருக்களில் கேட்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். இனி அவர்கள் காதில் அது விழ வேண்டாம்.

செக்கரியாவின் வீட்டில் கடைசியில் நடந்தது என்ன? அவரிடம் கேட்டார்கள். அவர் கேட்ட பலகையை யாரோ எடுத்து வந்து கொடுத்தார்கள். எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். எழுதியது அவர்கள் எதிர்பார்த்தது அல்ல. ஆனாலும் அந்தப் பெயரே நிலைத்தது. கேட்பது, கருவியைக் கொடுப்பது, காத்திருப்பது, வந்த பதிலை ஏற்பது. இந்த நான்கும் இன்று சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் நமக்குக் கற்றுத்தரும் பாடங்கள்தாம்.

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறிவுசார் குறைபாடு உடையோர் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர். இவர்களில் சிலருக்கு நன்றாகப் பேச வரும். சிலருக்குச் சில சொற்கள் மட்டுமே வரும். சிலருக்குச் சொல்லே வராது. சொல் வராதவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைப்பதுதான் நம்முடைய தவறு. சைகை, படம், பொருள், கைப்பேசிச் செயலி என்று அவர்களுக்கு உதவும் எழுதுபலகைகள் இன்று பல உண்டு.

சென்னையில் 1985ஆம் ஆண்டு பூனம் நடராசன் என்ற தாய் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தாய் அவர். அந்த அமைப்புதான் இன்று கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர். மூளை முடக்குவாதம் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் பேச்சுக்கு மாற்றுவழி இரு சாராருக்குமே தேவைப்படுகிறது. படங்கள் ஒட்டிய பலகையில் விரலாலோ கண்பார்வையாலோ சுட்டிக்காட்டிப் பேசும் வழியை அங்கே பிள்ளைகள் கற்றார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்த அஜித் நாராயணன் என்ற பொறியாளர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் கருவி அதைச் சொல்லாக ஒலிக்கும். 2010இல் அதற்குத் தேசிய விருது கிடைத்தது. பின்னர் அது கைக்கணினிச் செயலியாகவும் வந்தது.

படப்பலகை கொடுத்தால் பிள்ளை வாயால் பேசாமலே போய்விடுமோ என்று பெற்றோர் பலர் பயப்படுகிறார்கள். இதைப் பற்றி நடந்த ஆய்வுகள் அந்தப் பயம் தேவையில்லை என்றே காட்டுகின்றன. பலகை பேச்சைத் தடுப்பதில்லை. சிலருக்குப் பேச்சு கூடவும் செய்கிறது. நற்செய்தியிலும் பலகைதான் முதலில் வருகிறது, நாவு கட்டவிழ்வது பிறகுதான். எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்பேச்சு வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வராவிட்டாலும் பலகையில் காட்டியது பேச்சுத்தான். செக்கரியா எழுதியதை யாரும் அரைப்பேச்சு என்று தள்ளிவிடவில்லையே!

இன்னொன்று சொல்ல வேண்டும். பலகையில் நாம் வழக்கமாக ஒட்டும் படங்கள் எவை? தண்ணீர், சோறு, கழிப்பறை, தூக்கம். இவை அவசியம் வேண்டும். ஆனால் மனிதர் தம் தேவையை மட்டும் சொல்லி வாழ்வதில்லை. நேற்று என்ன நடந்தது தெரியுமா என்று சொல்லவும் ஆசைப்படுகிறோம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பெரிய மார்க்கெட்டில் யாரைப் பார்த்தோம், பேருந்தில் என்ன சண்டை என்று நாம் சொல்லாமல் இருக்கிறோமா? அந்தச் சிறு கதைகளால்தான் ஒரு வீட்டில் நமக்கு இடம் இருக்கிறது. தன் கதையைச் சொல்ல வழியில்லாதவர் வீட்டுக்குள்ளேயே விருந்தாளியாகிவிடுகிறார்.

எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். எருசலேமில் நடந்தது அவரைவிட யாருக்குத் தெரியும்? அப்படியிருந்தும், என்ன நடந்தது என்று அந்த இரு சீடரிடம் கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்லவிட்டு, உடன் நடந்தார். தெரிந்த கதையையும் மற்றவர் சொல்லக் கேட்பது ஆண்டவர் காட்டிய வழி.

இங்கிலாந்தில் நிக்கோலா குரோவ் என்ற பேச்சுப் பயிற்சியாளர் இதைத் தம் வாழ்நாள் பணியாகவே செய்தவர். அறிவுசார் குறைபாடு உடையவர்களே கதைசொல்லிகளாக மேடையேறும் குழு ஒன்றைச் சாமர்செட் பகுதியில் தொடங்கினார். அவர் காட்டும் வழி எளியது. கதையை அந்தப் பிள்ளை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாமும் அவனும் சேர்ந்து சொல்லலாம்.

நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது? வெளியே போய் வரும்போது ஏதாவது ஒரு சின்னப் பொருளைக் கொண்டு வாருங்கள். பேருந்துச் சீட்டு, கடற்கரையில் எடுத்த சிப்பி, திருவிழாவில் வாங்கிய பலூனின் நூல். அதை ஒரு பையில் போட்டு வையுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் பையை அவன் கையில் கொடுங்கள். எடுத்த பொருளைப் பற்றி நீங்கள் பாதி வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். அந்த இடத்தை அவன் ஒரு சத்தத்தாலோ, சைகையாலோ, சிரிப்பாலோ நிரப்புவான். தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள். அதே கதையை அடுத்த நாளும் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லும்போதுதான் அது அவனுடைய கதையாகிறது. மறுநாள் தாத்தா பாட்டியிடம் அவனே சொல்லட்டும். பேச்சே வராத பிள்ளையானால், அண்ணனோ அக்காவோ கைப்பேசியில் இரண்டு வரி பதிவுசெய்து கொடுங்கள்; பொத்தானை அவன் அழுத்தட்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் வில்லியனூர் மாதா தேர்பவனிக்குப் போய்விட்டு வந்தார். டவுன் நோய்க்குறி உள்ளவர். அவருக்கு வருவது பத்துப் பன்னிரண்டு சொற்கள். வழக்கமாக அவருக்காகத் தங்கைதான் பேசுவார். அன்று அன்பியக் கூட்டத்தில் தங்கை, 'தேர் வந்துச்சு, அப்போ...' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவர் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் விரித்து, 'மழை!' என்றார். தேர் நடுவழியில் நின்றதையும், எல்லாரும் ஓடியதையும், தாம் ஓடாமல் மாதாவுக்குக் குடை பிடிக்கப் பார்த்ததையும் உடம்பாலேயே நடித்துக் காட்டினார். குடை பிடித்தது தங்கைக்கே தெரியாது. அவர் சொல்லாவிட்டால் அது ஒருவருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இந்தக் கதை இனிமையானது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் சொல்ல வேண்டிய கதை இனிமையானதாக இருப்பதில்லை. பெற்றோரே, இதைக் கவனமாகக் கேளுங்கள். எங்கே வலிக்கிறது, யார் அடித்தார்கள், யார் தகாத முறையில் தொட்டார்கள் என்று சொல்லத் தெரியாத பிள்ளையிடம் தீங்கு செய்பவன் துணிந்து வருகிறான். அவன் சொல்ல மாட்டான் என்ற தைரியம். நேற்று நடந்ததைச் சொல்லிப் பழகிய பிள்ளையால்தான் இதையும் சொல்ல முடியும். ஆகவே பலகையில் 'வேண்டாம்', 'வலிக்குது', 'பயமா இருக்கு' என்பவற்றுக்கும், உடலின் எல்லா உறுப்புகளுக்கும் படம் இருக்கட்டும். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

சட்டமும் இதை ஏற்றிருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளிக் குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்ய, சிறப்பு ஆசிரியரையோ அந்தக் குழந்தை பேசும் விதம் அறிந்தவரையோ உதவிக்கு அழைத்துக்கொள்ளலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்கு மாற்றான வழிகளையும் தகவல்தொடர்பு என்றே வரையறுக்கிறது. நீதிமன்றம் கேட்க ஆயத்தமாக இருக்கும்போது, வீடும் பங்கும் பின்தங்கலாமா?

நம் திருச்சபையின் நிலைப்பாடும் அதுவே. இவர்களுக்கு அவரவர் நிலைக்கு ஏற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது திருச்சபைச் சட்டம் 777. மாற்றுத்திறனாளிகளுக்கு அருளடையாளங்களை எவரும் மறுக்க முடியாது என்று 2020இல் வெளிவந்த மறைக்கல்வி வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. செபங்களை மனப்பாடமாக ஒப்பிக்க வராது என்பதால் உங்கள் பிள்ளையைப் புதுநன்மைக்கு அனுப்பத் தயங்க வேண்டாம். அழைத்து வாருங்கள். அப்பத்தின் முன் கைகுவித்து நிற்பதும் இயேசுவை அறிந்துகொண்டதன் அடையாளம்தான்.

உதவி தேட வேண்டியவர்களுக்கு வழி உண்டு. நம் புதுச்சேரியிலேயே சத்யா சிறப்புப் பள்ளி 2003 முதல் பணியாற்றி வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது. கூச்சப்படாமல் போங்கள். அன்பியத் தலைவர்களே, துணைக்கு ஒருவரை அனுப்பிவையுங்கள். மற்றவர்களுக்கு நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு அப்படிப்பட்ட ஒரு சகோதரரையோ சகோதரியையோ ஆலய வாசலில் பார்த்தால், அவர் முகம் பார்த்துக் கேளுங்கள். பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். என்ன பதில் வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

செக்கரியாவின் நாவு கட்டவிழ்ந்ததும் அவர் ஒரு கதைதான் சொன்னார். ஆண்டவர் தம் மக்களைத் தேடி வந்த கதை அது. பாடலாக வந்த அந்தச் சொற்களைத் திருச்சபை இன்றும் ஒவ்வொரு நாளும் தன் காலைச் செபத்தில் பாடுகிறது. மாதக்கணக்கில் பேச்சற்று இருந்தவரிடமிருந்துதான் அந்தச் செபம் நமக்குக் கிடைத்தது. நம் நடுவே பேசாமல் அமர்ந்திருப்பவர்களிடமும் நமக்கென்று ஏதோ ஒன்று காத்திருக்கிறது.

செபிப்போம். அன்பின் இறைவா, எங்கள் குடும்பங்களில் நீர் தந்த ஒவ்வொரு பிள்ளைக்காகவும் நன்றி செலுத்துகிறோம். சொல்ல வழியின்றித் தவிப்போருக்கு வழி தாரும். அவர்களைப் பராமரிக்கும் தாய் தந்தையருக்கும் ஆசிரியர்களுக்கும் பொறுமையும் உடல்நலமும் தாரும். கேட்கும் காதையும் காத்திருக்கும் மனத்தையும் எங்கள் அனைவருக்கும் அருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.